புறாத்தீவுப் பலகையும் ஆங்கில எழுத்துக்கூட்டலும்: எந்தத் திருத்தம் நம் பிள்ளைக்கு உதவும்?

திருகோணமலையில், நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவின் பெயரை ஒரு பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலப் பெயர் பிஜன் ஐலண்ட். இரண்டு சொல், பன்னிரண்டு எழுத்து, பத்தே ஒலி. முதற் சொல்லில் ஜி என்ற எழுத்தை ஜகரமாக ஒலிக்கவைக்க ஈ என்ற எழுத்தொன்று வந்து நிற்கிறது. அந்த ஈக்குத் தனியொலி கிடையாது. இரண்டாவது சொல்லின் நடுவே ஓர் எஸ். அது ஒலிப்பதும் இல்லை, யாருக்கும் உதவுவதும் இல்லை. தமிழ் வாசிக்கக் கற்ற ஏழு வயதுப் பிள்ளை ‘புறாத்தீவு’ என்பதை முதல் தடவையிலேயே கூட்டி வாசித்துவிடும். ஆங்கில வரியை ‘பிகியோன் இஸ்லாண்ட்’ என்றுதான் வாசிக்கும். எழுத்துகளை நம்பி வாசித்தால் அப்படித்தான் வரும். குறை பிள்ளையில் இல்லை.

ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றியே தீரவேண்டும் என்று நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாகப் பலர் போராடியிருக்கிறார்கள். அவர்கள் முன்வைத்த வழிகளில் எதையாவது திருகோணமலையில் தரம் 6 முதல் 9 வரையுள்ள பிள்ளைகளின் ஆங்கில வகுப்புக்கோ ரியூசனுக்கோ எடுத்துக்கொள்ளலாமா? ஒவ்வொன்றையும் இந்தப் புறாத்தீவுப் பலகையில் வைத்துப் பார்ப்போம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சொல்லை மாற்றாமல், சொல்லின் மேல் பென்சிலால் அடையாளம் போடும் முறைதான் நமக்குச் சரி. தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதுவதை முதல் சில கிழமைக்கு ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாம். மற்றவை எல்லாம் ஏன் தள்ளப்பட்டன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த முறையின் அருமை விளங்கும்.

ஒரு குறிப்பு. இங்கே ரி என்றால், நமது வழக்கப்படி, ரிவியின் முதலெழுத்து. டி என்றால் டொக்டரின் முதலெழுத்து. பி என்பது இரண்டு. அதனால் பஸ்சின் பி, பேப்பரின் பி என்று பிரித்துச் சொல்கிறோம்.

சிக்கல் எங்கே பிறந்தது

தமிழில் எழுத்தின் பெயரே அதன் ஒலி. அ, ம், மா என்று மூன்றையும் சேர்த்தால் அம்மா. ஆங்கிலத்தில் சி, ஏ, ரி என்று சேர்த்தால் ‘சியேரி’ வரவேண்டும்; வருவதோ ‘கற்’. ஆக, ‘எழுத்துக்கூட்டி வாசி’ என்று தமிழில் பழக்கிய அதே வழியை ஆங்கிலத்தில் பழக்கினால், கெட்டிக்காரப் பிள்ளைதான் முதலில் தடுமாறும். 44 ஒலிகளுக்கு 26 எழுத்துகளே இருப்பது மற்றொரு நெருக்கடி. நம்மிடம் 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் இருக்க, அங்கே ஐந்தாறு உயிரெழுத்துகள் இருபது உயிரொலிகளைச் சுமக்கின்றன.

வில்லியம் காக்ஸ்ரன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்தார். அச்சில் எழுத்துக்கூட்டல் உறையத் தொடங்கிய அதே காலத்தில்தான் ஆங்கில நெடில்கள் ஒவ்வொன்றாக இடம்மாறிக்கொண்டிருந்தன. எழுத்து நின்றுவிட்டது, ஒலி நடந்துபோய்விட்டது. ‘நைற்’ (இரவு) என்ற சொல்லில் இருக்கும் ஜி-எச் ஒரு காலத்தில் தொண்டையில் உரசி ஒலித்தது. நமது ஆய்தத்துக்கு நெருங்கிய ஒலி எனலாம். ‘நைஃப்’ (கத்தி) சொல்லின் முதல் கேயையும் அப்போது முழுதாக உச்சரித்தார்கள். இவை போகட்டும், பழைய ஒலியின் தடம் என்று மதிக்கலாம். ஆனால் ஐலண்டின் எஸ் அப்படிப்பட்டதல்ல. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் எஸ் இருக்கவே இல்லை. இலத்தீன் வழிவந்த வேறொரு சொல்லோடு உறவு என்று தவறாக எண்ணி, படித்தவர்கள் நுழைத்த எழுத்து அது. ‘டெற்’ (கடன்) சொல்லில் பஸ்சின் பி நுழைந்ததும் இலத்தீன் மூலத்தைக் காட்டவேண்டும் என்ற ஆசையால்தான்.

ஓ-யூ-ஜி-எச் என்ற நான்கெழுத்துக் கூட்டம் இந்தக் குழப்பத்தின் உச்சம். ‘தோ’ (ஆனாலும்) என்பதில் அது ஓ. ‘த்ரூ’ (ஊடாக) என்பதில் ஊ. ‘ரஃப்’ (கரடுமுரடு) என்பதில் அஃப். ‘கொஃப்’ (இருமல்) என்பதில் ஒஃப். ‘பௌ’ (மரக்கிளை) என்பதில் ஔ. ‘தோற்’ (எண்ணம்) என்பதில் வாயை வட்டமாக்கிச் சொல்லும் நெடில். ‘தறா’ (முழுமையான) என்பதில் வெறும் அகரச் சாயல். ஏழு சொல், ஏழு ஒலி.

மீன் என்பதற்கு ஜி-எச்-ஓ-ரி-ஐ என்று எழுதி ‘ஃபிஷ்’ என்று வாசிக்கலாம் என்றொரு பழைய வேடிக்கை உண்டு. ‘இனஃப்’ சொல்லின் ஜி-எச்சை ஃப் ஆக்கி, ‘விமன்’ சொல்லின் ஓவை இ ஆக்கி, ‘நேஷன்’ சொல்லின் ரி-ஐயை ஷ் ஆக்கினால் மீன் கிடைத்துவிடும். பலரும் இதை நாடகாசிரியர் பேர்னார்ட் ஷாவின் தலையில் கட்டுகிறார்கள். ஷா பிறப்பதற்கு முன்பே, 1855இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் இது இருக்கிறது. மீன் விற்கும் ஊரில் இந்த வேடிக்கையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது நல்லது. சிரித்துக்கொண்டே ஒரு விதியும் படிப்பார்கள். ஏனென்றால் ஆங்கிலத்தில் ஜி-எச் சொல்லின் முதலில் வந்தால் ஒருபோதும் ஃப் ஆவதில்லை. ரி-ஐ, பின்னால் இன்னொரு உயிரெழுத்து வந்தால்தான் ஷ் ஆகும். இடம் பார்த்து ஒலி மாறுவது நமக்குப் புதிதா? ‘கங்கை’ என்பதில் முதல் ககரம் ஒரு மாதிரி, இரண்டாவது இன்னொரு மாதிரி. ‘அகம்’ என்பதில் மூன்றாவது மாதிரி. ஒரு தமிழ்ப் பிள்ளைக்கும் இதில் தடுமாற்றம் வருவதில்லை. ஆங்கிலத்திலும் இட விதிகள் நிறைய உண்டு. அவற்றை யாரும் சொல்லிக்கொடுக்காததால்தான் எல்லாமே தாறுமாறாகத் தெரிகிறது.

வழி ஒன்று: புத்தம்புது எழுத்து

1768இல் பெஞ்சமின் பிராங்க்ளின் ஆறு புதிய எழுத்துகளோடு ஒரு நெடுங்கணக்கு வரைந்தார். பேர்னார்ட் ஷா தமது உயிலில் இதற்கென்றே பணம் ஒதுக்கினார். 48 எழுத்துகள் கொண்ட ஷேவியன் எழுத்து உருவாகி, 1962இல் அவருடைய நாடகம் ஒன்று அதில் அச்சானது. இவற்றைவிட வகுப்பறைக்குள் உண்மையாகவே நுழைந்தது ஜேம்ஸ் பிற்மனின் தொடக்கநிலை எழுத்து. 44 வடிவங்கள், 1961இல் பிரித்தானியப் பாடசாலைகளில் தொடங்கியது. பிள்ளை முதலில் இதில் வாசிக்கப் பழகும், இரண்டு மூன்று ஆண்டில் வழக்கமான எழுத்துக்கு மாறும் என்பது திட்டம்.

புறாத்தீவுப் பலகை இதில் பளிச்சென்று வாசிக்கக்கூடியதாகிவிடும். பத்து ஒலிக்குப் பத்து எழுத்து. பிற்மன் முறையில் பிள்ளைகள் விரைவாக வாசிக்கத் தொடங்கியதும் உண்மை. மாறும் கட்டத்தில்தான் இடறியது. ஒலியை அப்படியே எழுதிப் பழகிய கை, பழைய எழுத்துக்கூட்டலுக்கு வந்தபோது எல்லாச் சொல்லையும் மறுபடி கற்கவேண்டியிருந்தது. வீட்டில் இருந்த புத்தகம் ஒரு எழுத்தில், பள்ளிப் புத்தகம் இன்னொரு எழுத்தில். 1970களில் அது தேய்ந்து போயிற்று.

நமது பிள்ளைகளின் சுமையை எண்ணிப் பாருங்கள். தமிழ், இரண்டாம் மொழியாகச் சிங்களம், ஆங்கிலம். மூதூர், கிண்ணியாப் பிள்ளைகளுக்கு ஓதுவதற்கு அரபு எழுத்தும் உண்டு. நான்கு எழுத்து முறை சுமக்கும் பத்து வயதுப் பிள்ளையிடம், மூன்று ஆண்டில் மறக்கவேண்டிய ஐந்தாவது ஒன்றைக் கொடுப்பது அநியாயம். இந்த வழியை எந்தத் தயக்கமும் இல்லாமல் விலக்கலாம்.

வழி இரண்டு: அமெரிக்கச் சிறுதிருத்தம்

நோவா வெப்ஸ்ரர் 1806இலும் 1828இலும் வெளியிட்ட அகராதிகளால் அமெரிக்க எழுத்துக்கூட்டல் பிரிந்தது. ‘ஹாபர்’ (துறைமுகம்) சொல்லில் யூ போயிற்று, ‘சென்ரர்’ சொல்லில் ஆரும் ஈயும் இடம்மாறின. நாக்கு, பெண்கள் என்ற பொருளுள்ள சொற்களையும் ஒலிப்படி எழுத அவர் முயன்றார். அவற்றை ஊர் ஏற்கவில்லை. 1906இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற், அன்ட்ரூ கார்னகியின் பணத்தில் இயங்கிய சபையொன்றின் 300 சொற்பட்டியலை அரச அச்சகத்துக்குக் கட்டளையாக இட்டார். சில மாதங்களில் காங்கிரஸ் எதிர்த்து, கட்டளை திரும்பிப்போனது. சிக்காகோ ரிபியூன் பத்திரிகை 1934 முதல் ‘த்ரூ’ என்பதை ரி-எச்-ஆர்-யூ என்று நான்கெழுத்தில் அச்சிட்டுப் பார்த்தது. பாடசாலையில் ஒன்று, பத்திரிகையில் ஒன்று என்ற இழுபறி நாற்பது ஆண்டு நீடித்து, 1975இல் பழையதற்கே திரும்பியது.

இந்த வழி நமக்குத் தரும் இலாபம் மிகக் குறைவு. பிஜன், ஐலண்ட் இரண்டிலும் ஓர் எழுத்துக்கூட மாறாது. பிள்ளை இடறும் ‘ஃபிரெண்ட்’, ‘வெட்னஸ்டே’, ‘டோற்றர்’ (மகள்) எதுவும் மாறாது. மாறாக ஒரு தொல்லை சேரும். நமது பாடநூல்கள் பிரித்தானிய முறையில் இருக்கின்றன. கைத்தொலைபேசியும் கணினியும் பெரும்பாலும் அமெரிக்க முறையில் திருத்துகின்றன. ‘கலர்’ சொல்லை யூவோடு சரியாக எழுதிய பிள்ளைக்குத் திரையில் சிவப்புக் கோடு விழும். பிள்ளை தன் சரியை அழித்துவிடும். கணினியில் மொழித் தெரிவில் ‘இங்கிலிஷ், ஐக்கிய இராச்சியம்’ என்று மாற்ற ஒரு நிமிடம் போதும். அதை முதல் நாளே செய்துவிடுங்கள். ஒரே கட்டுரையில் இரண்டு முறையும் கலப்பதுதான் எழுத்துக்கு அழகில்லை.

வழி மூன்று: வெட்டி எழுதுதல்

கிறிஸ்தோபர் அப்வேட் வகுத்த வெட்டெழுத்து முறையின் கைநூல் 1992இல் வந்தது. ஒலிக்குத் தேவையற்ற எழுத்தை வெட்டு. அழுத்தமில்லாத இடத்தில் எல், எம், என், ஆர் ஆகியவற்றுக்கு முன் வரும் உயிரை வெட்டு. இரட்டை மெய்யை ஒற்றையாக்கு. இவை மூன்றும் வெட்டு விதிகள். ஃப் ஒலிக்கு எஃப், ஜகரத்துக்கு ஜே என்பது போலச் சில மாற்றெழுத்தும் உண்டு. இதனால் பத்தில் ஒரு பங்கு எழுத்து மிச்சப்படும்.

பலகை எப்படி மாறும்? விதிப்படி பிஜன் என்பது பேப்பரின் பி-ஐ-ஜே-என். ஐலண்ட் என்பது ஐ-எல்-ஏ-என்-டி. அழகாகவே இருக்கிறது, பிஜன் சொல்லைப் பழைய பிரெஞ்சிலும் ஜேயோடுதான் எழுதினார்கள். படிக்கப் பிறமொழிக்காரருக்கும் சிரமமில்லை. நமக்கு இடிப்பது இரண்டாவது விதி. எந்த உயிர் அழுத்தமில்லாதது என்று காது சொல்லவேண்டும். தமிழ் பேசுபவர் ஆங்கிலச் சொல்லின் எல்லா அசையையும் ஏறத்தாழ ஒரே பலத்தோடு சொல்வார். ‘கார்டன்’ என்று நாம் சொல்லும்போது டகரத்தின் பின்னால் முழு அகரம் கேட்கிறது. அங்கே உயிரே இல்லை என்று எழுதச் சொன்னால் பிள்ளை எதை வைத்து நம்பும்? இலண்டன்காரரின் காதுக்கு இலகுவான விதி, திருகோணமலை மட்டிக்களிப் பிள்ளையின் காதுக்கு மனப்பாடம்.

இரண்டாவது அபாயம், இது ஏற்கெனவே நம்மிடம் அரைகுறையாக நடமாடுகிறது. தொலைபேசிச் செய்திகளில் ‘யூ’ என்ற முழுச்சொல்லுக்கு ஒரே எழுத்து, ‘குட்’ என்பதற்கு ஜி-யூ-டி என்று எழுதிப் பழகிய விரல், சாதாரண தரப் பரீட்சைத் தாளிலும் அதையே எழுதிவிடும். விதியுள்ள வெட்டையும் விதியில்லாத வெட்டையும் பிள்ளை பிரித்தறியாது.

வழி நான்கு: ஒரே ஒரு மாற்றம்

ஹரி லிண்ட்கிறன் என்ற அவுஸ்திரேலியர் 1969இல் சொன்னது இது: எல்லாவற்றையும் மாற்ற முயன்றுதான் எல்லோரும் தோற்றார்கள், ஒரு நேரத்தில் ஓர் ஒலியை மட்டும் திருத்துவோம். முதற்படியாக, குறில் எகரம் எங்கே ஒலித்தாலும் ஈ என்ற ஒற்றையெழுத்து. ‘ஹெட்’ (தலை) எச்-ஈ-டி, ‘செட்’ (சொன்னார்) எஸ்-ஈ-டி, ‘ஃபிரெண்ட்’ எஃப்-ஆர்-ஈ-என்-டி.

ஆங்கிலத் திருத்தங்களுள் நம் மதிப்புக்கு மிக உரியது இதுதான். காரணத்தை நமது எழுத்து வரலாறே சொல்கிறது. பழைய ஏட்டுத் தமிழில் எகரக் குறிலையும் ஏகார நெடிலையும் புள்ளியை வைத்தே பிரித்தார்கள். ஏட்டில் புள்ளி விடுபட்டால் குழப்பம். இன்றைய ஏ, ஓ வேறுபாட்டை நிலைநாட்டியவர் வீரமாமுனிவர். 1978இல் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோதும் னை, லை, றா, னா போன்ற சில எழுத்துகளின் வடிவம் மட்டுமே மாறியது. எந்தச் சொல்லிலும் எழுத்தின் எண்ணிக்கையும் வரிசையும் மாறவில்லை. பழைய புத்தகத்தை எடுத்தால் இன்றும் தடங்கலின்றி வாசிக்கிறோம். பெரியார் சேர்த்துச் சொன்ன அய், அவ் மாற்றங்கள் அந்த ஆணையில் இடம்பெறவில்லை. சிறியதும் இயந்திரம் போல் செய்யக்கூடியதுமான திருத்தமே தங்கும்.

ஆனால் தமிழ்நாட்டில் ஆணையிட ஓர் அரசு இருந்தது. 1928இல் துருக்கிக்கும் இருந்தது. ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு தலைமை இல்லை. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் 1949இல் எழுத்துக்கூட்டல் சீர்திருத்த மசோதா 87க்கு 84 என்ற கணக்கில் தோற்றது. மூன்றே வாக்கு! அது வென்றிருந்தால்கூட அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் பின்தொடர்ந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆக லிண்ட்கிறன் முறை நல்லது, நடைமுறையில் இல்லாதது. பரீட்சைத் தாளில் அப்படி எழுதினால் புள்ளி குறையும். பிஜன் ஐலண்ட் பலகையிலும் குறில் எகரம் இல்லாததால், அது அப்படியே நிற்கும்.

ஒலிப்படியே எழுதுவது எப்போதும் நன்மையா

இதை நின்று யோசிக்கவேண்டும். நம்மில் பலர் மழையை ‘மளை’ என்றும் பழத்தை ‘பளம்’ என்றும்தான் சொல்கிறோம். அதற்காக ழகரத்தை நீக்க ஒருவர் வந்தால் விடுவோமா? வலி, வழி, வளி மூன்றும் எழுத்தில் பிரிந்திருப்பதால்தான் வாசிப்பவருக்குப் பொருள் உடனே தெரிகிறது. ஆங்கிலத்தில் ‘றைற்’ என்று ஒலிக்கும் சரி, எழுது, சடங்கு மூன்றுக்கும் மூன்று எழுத்துக்கூட்டல் இருப்பதும் அதே காவல். நாங்கள் வி, டபிள்யூ இரண்டையும் ஒரே வகரமாக ஒலிக்கிறோம். திருகோணமலை உச்சரிப்பின்படி ஆங்கிலத்தைத் திருத்தினால் மேற்கும் (வெஸ்ற்) உள்ளாடையும் (வெஸ்ற்) ஒன்றாகிவிடும்.

இறந்தகாலம் இன்னும் நல்ல சாட்சி. நடந்தான், அழைத்தான், விரும்பினான் என்ற மூன்றும் ஆங்கிலத்தில் ஈ-டி என்றே முடியும். ஒலியோ வோக்ற், கோல்ட், வோன்ரிட் என்று மூன்று விதம். தமிழில் பன்மையை நாம் ஒலிப்படி எழுதுகிறோம்: பூக்கள், மரங்கள், கற்கள், ஆட்கள். ஒரே விகுதி நான்கு கோலம். புதிதாகத் தமிழ் படிக்கும் சிங்களப் பிள்ளையிடம் கேட்டால் தெரியும், அது எவ்வளவு சிரமம் என்று. ஆங்கிலம் விகுதியின் உருவத்தை மாற்றாமல் வைத்திருப்பதால், வாசிக்கும் கண்ணுக்கு இறந்தகாலம் ஒரே பார்வையில் தெரிகிறது.

வழி ஐந்து: தமிழ் எழுத்தில் உச்சரிப்பு

வீட்டுக்கு வீடு நடப்பது இதுதான். ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழில் சின்னதாக எழுதிக்கொள்வது. பிஜன் ஐலண்ட் என்று மேலே எழுதினால் பிள்ளை சரியாக வாசித்துவிடும். கேட்க இலகு, செலவில்லை. தீமை மூன்று வாரத்துக்குப் பிறகுதான் தெரியும்: கண் தமிழ் வரியில் ஒட்டிக்கொண்டு ஆங்கில எழுத்தைப் பார்க்கவே மறுக்கும்.

அதோடு தமிழெழுத்து சில ஒலிகளை ஒன்றாக்கிவிடும். ‘பாக்’ என்று எழுதினால் அது பையா, முதுகா, பொதியா? மூன்றும் ஆங்கிலத்தில் மூன்று சொல். ரி, டி வேறுபாட்டை இலங்கை வழக்கு நன்றாகவே தீர்த்து வைத்திருக்கிறது. ஆனால் அதே வழக்கால் ‘ரிப்’ என்பது நுனி, கிழி, விலா மூன்றுக்கும் பொதுவாகிவிடுகிறது. இன்னொன்று, பலரும் கவனிக்காதது. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே வல்லினம் வன்மையாக ஒலிக்க இரட்டிக்கவேண்டும்: பேப்பர், வோற்றர். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் தொற்றி, பிள்ளை பேப்பருக்கு இரண்டு பி, தண்ணீருக்கு இரண்டு ரி எழுதும். பேப்பரின் பியை இரட்டிப்பது மிளகுக்கு (பெப்பர்) உரிய கூட்டல். ஆங்கிலத்தில் இரட்டை மெய், முன்னால் உள்ள உயிர் குறில் என்று காட்டும் அடையாளம். இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தால் பேப்பரும் பெப்பரும் ஒரே நாளில் பிரியும்.

ஆகவே மூன்று கிழமைக்கு மட்டும், அதுவும் சொல்லின் மேலே எழுதாமல் பக்கத்தின் பின்புறத்தில். பஸ்சின் பி, ஜி ஆகிய மெலிந்த ஒலிகளுக்குத் தமிழெழுத்தின் கீழே ஒரு கோடு. நான்காம் கிழமை அதை நிறுத்திவிடவேண்டும்.

வழி ஆறு: சொல்லின் மேல் பென்சில்

தேவை ஒரு 80 பக்க ஒற்றைக்கோட்டுக் கொப்பி, எச்பி பென்சில், அழிறப்பர். சொல்லைப் பேனையால், எழுத்துக்கிடையில் சற்று இடம்விட்டு எழுதவேண்டும். அடையாளம் எல்லாம் பென்சிலால்.

நான்கே அடையாளம். ஒலிக்காத எழுத்தின் மேல் சாய்கோடு. சேர்ந்து ஓர் ஒலி தரும் எழுத்துகளின் கீழே ஒரே அடிக்கோடு. தான் ஒலிக்காமல் பக்கத்து எழுத்தின் ஒலியை மாற்றும் எழுத்திலிருந்து அந்த எழுத்துக்கு ஒரு வில். எந்த விதிக்கும் அடங்காமல் கண்ணால் பார்த்தே பிடிக்கவேண்டிய எழுத்துக்கு வளையம்.

பிஜன்: ஈயிலிருந்து ஜிக்கு ஒரு வில். ஐலண்ட்: எஸ் மேல் சாய்கோடு. பலகை முழுவதும் இரண்டே அடையாளம். சொல் சொல்லாகவே இருக்கிறது, ஓர் எழுத்தும் குறையவில்லை.

வில்லையும் சாய்கோட்டையும் குழப்புவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ‘கைற்’ (பட்டம்) சொல்லின் கடைசி ஈ ஒலிக்கவில்லை என்று சாய்கோடு போட்டுவிடுவார்கள். அந்த ஈயை எடுத்தால் சொல் ‘கிற்’ ஆகிவிடும். வேலை செய்யும் எழுத்தை வெட்டக்கூடாது, வில் போடவேண்டும். சோதிக்க இலகு வழி: எழுத்தை விரலால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒலி மாறினால் வில், மாறாவிட்டால் சாய்கோடு.

ஐ-ஜி-எச் மூன்றுக்கும் ஒரே அடிக்கோடு என்று பழகினால் வெளிச்சம், இரவு, சண்டை, பார்வை, பிரகாசம், பறப்பு என்று ஒரே அடையாளத்தில் பல சொல் கைக்கு வரும். வெளிச்சவீடு (லைற்ஹவுஸ்) வரும்போது கவனம் தேவை. நடுவில் ரியும் எச்சும் அடுத்தடுத்து நிற்பதால் பிள்ளை அவற்றை இணைத்துத் தகரமாக்கி ‘லைதவுஸ்’ என்று வாசிக்கும். கூட்டுச்சொல்லில் முதலில் இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு நேர்கோடு. பிறகுதான் மற்ற அடையாளங்கள்.

அளவு: நாளொன்றுக்கு ஆறு சொல், கிழமைக்கு ஐந்து நாள். அதில் ஐந்து ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை, ஒன்று வளையச் சொல். எட்டுக் கிழமையில் 240 சொல். வளையச் சொற்களை அடிக்கடி வரும் சிறு சொற்களிலிருந்து எடுங்கள்: வொஸ், வண், ரூ, செட், டஸ், ஹூ, தே. அச்சிலுள்ள ஆங்கிலத்தில் ஏறக்குறைய பாதியை நிரப்புவது திரும்பத்திரும்ப வரும் நூறு சொற்கள்தான், விதிக்கு அடங்காதவற்றில் பலவும் அங்கேதான் இருக்கின்றன.

ஒரே மாதிரி ஒலிக்கும் ‘தெயர்’ இரண்டையும் (அவர்களுடைய, அங்கே) ஒரே நாளில் கொடுக்காதீர்கள். வித்தியாசம் காட்டுவதாக எண்ணிச் செய்வதுதான் ஆயுள்முழுக்க அவற்றை ஒட்டவைக்கிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று கிழமை இருக்கட்டும்.

ஒரு சொல்லைப் பத்துத் தடவை எழுதுவிக்கும் வழக்கத்தையும் விடலாம். மூன்றாவது தடவைக்குப் பிறகு பிள்ளை சொல்லைப் பார்ப்பதில்லை, மேலே எழுதிய வரியைப் பார்த்து நகலெடுக்கிறது. நான்காவதில் வந்த பிழை பத்தாவது வரை போகும். பார், மூடு, எழுது, ஒப்பிடு. இரண்டு தடவை போதும். எழுதும்போது எழுத்துப் பெயர்களை ஒப்புவிக்காமல், எழுத்தில் இருக்கிறபடி துண்டாக்கி மனதுக்குள் சொல்லட்டும்: வெட்-நெஸ்-டே, இஸ்-லாண்ட், கெ-னைஃப். வாய்விட்டுப் பேசும்போது சரியான உச்சரிப்பு. பிள்ளைகள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் பிழையாக வந்த ‘இஸ்லாண்ட்’ இங்கே எழுதுவதற்கு உதவும் கருவியாகிறது.

சனிக்கிழமை சொல்வதெழுதுதல் இருபது சொல்: இந்தக் கிழமையிலிருந்து பத்து, போன கிழமையிலிருந்து ஐந்து, மூன்று கிழமைக்கு முந்தியவற்றிலிருந்து ஐந்து. கடைசி ஐந்தில் நான்கு சரியானால் அந்தப் பழைய பக்கத்தின் பென்சில் அடையாளங்களைப் பிள்ளையே அழிறப்பரால் அழிக்கலாம். அழிக்காமல் விட்டால் இதுவும் தமிழ் வரியைப் போல் ஊன்றுகோலாகவே நின்றுவிடும். அழித்த பிறகு மறுபடி பிழைவிட்ட சொல்லுக்கு மட்டும் அடையாளம் திரும்ப வரும்.

ஊர்ப்பெயரும் ஆள்பெயரும்

இவற்றுக்கு மேற்சொன்ன எந்த விதியும் பொருந்தாது, தனியாகக் கற்பிக்கவேண்டும். கொட்டியாரக் குடாவின் ஆங்கிலப் பெயரில் ட்ட என்பதற்கு இரண்டு டி, மற்றப் பெயர்களில் தகரத்துக்கு ரி-எச், உவர்மலைக்கு ஆங்கிலத்தில் ‘ஓர்ஸ் ஹில்’ என்று வேறு பெயரே உண்டு. திருகோணமலைக்குத் தமிழில் ஆறு எழுத்து, ஆங்கிலத்தில் பதினொன்று. கோவுக்குப் பின்னால் வரவேண்டிய ணகரம் அங்கே முன்னால் தாவி னகரமாக நிற்கிறது. முகவரி எழுதும்போது வழக்கிலுள்ளதை அப்படியே எழுதவேண்டும், கடிதம் வந்துசேர அதுதான் வழி.

பிள்ளையின் பெயரை ரீச்சர் ஒரு விதமாகவும் தகப்பன் ஒரு விதமாகவும் எழுதுவது பெரிய தொல்லையில் முடியும். பரீட்சை விண்ணப்பம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றிலும் ஓர் எச் கூடினாலோ ஓர் ஏ குறைந்தாலோ, பிறகு சத்தியக்கடதாசியோடு அலையவேண்டிவரும். பிறப்புச் சான்றிதழில் உள்ள ஆங்கிலப் பெயரைப் பார்த்து, எழுத்துப் பிசகாமல், அந்த 80 பக்கக் கொப்பியின் முதற்பக்கத்தில் முதல் நாளே பேனையால் எழுதுவியுங்கள்.